உட்கார்ந்து கேட்டவர்

அக்கா ஒரு அலுவலகத்துக்குள் நுழைந்தால் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பார். அப்புறம் மேசை. மேசைக்குப் பின்னால் இருக்கும் ஆள் அதற்கும் அப்புறம். நாற்காலி காலியாக இருந்தால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். யாராவது உட்காரச் சொல்லட்டும் என்று காத்திருந்ததில்லை. நாற்காலியே இல்லையென்றால் பக்கத்து அறைக்குப் போய் ஒன்றைத் தூக்கிவருவார். அது யாருடையது என்று கேட்க மாட்டார்.

மாநிலக் கலை மானியத்தைப் பற்றி விசாரிக்க நாங்கள் முதல்முறை போனபோது, வரவேற்பில் இருந்தவர் பதறிப்போனார். பேச்சு முழுக்கக் கன்னடத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"எழுந்து நில்லுங்க மேடம், சார் வர்றாரு."

"வரட்டும். அவருக்கும் உள்ள நாற்காலி இருக்குதில்ல?"

"அதுக்கில்ல. மரியாதைன்னு ஒண்ணு..."

"வணக்கம் சொல்றேன். வணக்கம் வாய்ல இருந்துதானே வருது, முட்டியில இருந்து வரல."

சார் வந்தார். அக்கா உட்கார்ந்தபடியே கைகூப்பினார். நான் பாதி எழுந்து, அக்காவைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தேன். பாதி எழுவதுதான் ஆகக் கேவலம் என்று வெளியே வந்ததும் சொன்னார். ஒன்று முழுசாக எழு, இல்லாவிட்டால் அசையாதே.

அவர் பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு துணி ஆலையில் சட்டைக் காலர்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். சரிபார்க்கும் மேசைக்கு ஸ்டூல் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றபடிதான். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து நிக்கிறேன். என் கோட்டா முடிஞ்சிடுச்சு. இனிமே கம்பெனிக்கு வெளிய எவன் முன்னாடியும் நிக்கறதா இல்ல" என்பார். இதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்வார். தமிழ்ப் பெண்களுக்கும் கன்னடப் பெண்களுக்கும் அவர் அக்காதான். இரண்டு மொழியிலும் ஒரே சொல் என்பதால் அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு புகாரால். நான் ஆம்பூரிலிருந்து வந்து, எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதனை செய்யும் வேலையில் சேர்ந்து, ஹெப்பகோடியில் ஒரு பெண்கள் பி.ஜி. விடுதியில் தங்கியிருந்தேன். எதிர்க் கட்டடத்தின் மாடியில், பேக்கரிக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒரு ஹால். ஞாயிற்றுக்கிழமை காலையானால் அங்கிருந்து அழுகை, சிரிப்பு, யாரோ யாரையோ ஊரைவிட்டு விரட்டும் சத்தம். பல வாரம் பொறுத்துவிட்டு, சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு மாடியேறினேன். ஒன்று, சத்தம். இரண்டு, நேரம். மூன்று, அவர்கள் மேளம் அடிப்பதை நிறுத்தாவிட்டால் நான் யாரிடம் போவேன் என்பது.

உள்ளே ஆலையில் வேலை செய்யும் பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தார்கள். நடுவில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.

"உக்காந்து சொல்லு" என்றார் அக்கா.

நான் நின்றபடியே ஆரம்பித்தேன்.

"உக்காரும்மா. நின்னுகிட்டு சொன்னா அது கெஞ்சறதா இருக்கும், இல்லன்னா சண்டையா இருக்கும். உக்காந்து சொன்னாத்தான் புகாரு."

உட்கார்ந்து மூன்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். முதல் இரண்டை ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்கு, யாரிடம் போக வேண்டும், அந்த ஆள் எப்போது ஆபீசில் இருப்பார் என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு, "என்னா வேலை பாக்கற? கம்ப்யூட்டரா? அப்ப எங்களுக்கு ஒரு விண்ணப்பம் ஏத்தணும்" என்றார். அன்றிலிருந்து நான் 'இன்ஜினீரு' ஆனேன். புகார் அப்படியே நின்றுபோனது. மேளம் நிற்கவில்லை.

அது ஒரு நாடகக் குழு. ஞாயிறு குழு என்று பெயர். பெண்கள் நாடகம் போடுவார்கள், பிள்ளைகளுக்கு நாடக வகுப்பு நடக்கும். ஹாலுக்கு வாடகை எல்லோரும் சேர்ந்து போடுவது. வாடகை ஏறிக்கொண்டே போனது. கட்டட உரிமையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் ஹெப்பகோடியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே அடுக்குக் கட்டில்கள் போட்டால் என்ன கிடைக்கும் என்று அவருக்கும் தெரியும். இந்த வருட மானியம் வந்தால் ஹால் உங்களுக்கு, இல்லாவிட்டால் பி.ஜி.க்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனவே அந்த வருடம் எல்லாமே மானியத்தை நம்பி இருந்தது.

பிள்ளைகளுக்கான முதல் பயிற்சி அந்தச் சிவப்பு நாற்காலிதான். ஒரு பிள்ளை உட்காரும். இன்னொன்று தலைமையாசிரியராக, போலீஸாக, ஆலை மேனேஜராக நடந்துவரும். உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழாமல் வணக்கம் சொல்லிப் பேச வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளால் முடியவில்லை. தலைமையாசிரியர் இரண்டடி வைப்பதற்குள் உடம்பு தானாக எழும்பிவிடும்.

"தொடை தூக்குது பாரு. அது ஒன் தொடை இல்ல கண்ணு, இஸ்கூலோட தொடை. மறுபடி."

அழுத பிள்ளைகளும் உண்டு. அவர் விடமாட்டார். மாதக் கணக்கில் இதே பயிற்சிதான் நடந்தது. வசனம் எப்போது சொல்லித் தருவீர்கள் என்று ஒரு தாய் கேட்டதற்கு, உடம்பு அவர்களுடையதாக ஆனதும் வசனம் தானே வரும் என்றார். வந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, குழுவில் நடிக்கும் செல்வியின் மகள், ஒரு நாள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, "என்னா சார் இவ்ளோ தூரம்?" என்று தலைமையாசிரியரைக் கேட்டபோது ஹாலே அதிர்ந்தது. அந்தத் தலைமையாசிரியர் அவளுடைய அண்ணன்தான். அவனே ஒரு கணம் தயங்கிவிட்டான்.

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். மாதிரிக்கு வேறொரு சங்கம் அனுப்பிய கடிதம் ஒன்று கிடைத்திருந்தது. அதில் வரிக்கு வரி பணிவு. தங்கள் மேலான கருணை, தங்கள் தயவு, எளியோராகிய நாங்கள். நான் கன்னடத் தட்டச்சுக்கு ஒரு மென்பொருளை நிறுவிக்கொண்டு அதை அப்படியே அடிக்க ஆரம்பித்தேன்.

"இரு. எதுக்கு கருணை?"

"வழக்கமா இப்படித்தான் அக்கா எழுதுவாங்க."

"நான் வாங்கற சோப்புல வரி போகுது. ரீசார்ஜ்ல போகுது. அதுல கலைக்குன்னு ஒரு பங்கு எடுத்து வெக்கிறாங்க. அத குடுக்கறது அவங்க வேலை, கேக்கறது நம்ம வேலை. நடுவுல கருணை எங்கேருந்து வந்துச்சு?"

"எடுத்துட்டா ரிஸ்க்."

"எடு. எங்க குழு என்னா செய்யுது, எவ்ளோ செலவாகுது, எவ்ளோ வேணும். அவ்ளோதான்."

எடுத்தேன். கடிதம் பாதியாகச் சுருங்கியது. தொழில் முறையில் பார்த்தால் அது நல்ல ஆவணம். மிச்சமிருந்த ஒவ்வொரு வரியும் எதையாவது சொன்னது. ஆனாலும் அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் இரண்டு முறை அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆய்வுக்கு ஒரு ஞாயிறு மதியம் அதிகாரி வருவார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அக்கா ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். "எதையும் ஜோடிக்காதீங்க. எப்பவும் போல வகுப்பு நடக்கட்டும். இருக்கறத பாத்துட்டுப் போகட்டும்." அன்று காலை, இரவல் கொடுத்திருந்த மேளத்தைத் திரும்ப வாங்க அல்சூருக்குக் கிளம்பிவிட்டார். அவர் பஸ் ஏறியதுமே செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

செல்வி அதே ஆலையில் கைப்பட்டி தைப்பவள். குழுவில் எல்லோரையும்விட நன்றாக அழக்கூடிய நடிகை. ஆய்வு என்ற சொல்லைக் கேட்டால் அந்தப் பெண்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து துணி வாங்குபவர்கள் ஆட்களை அனுப்பிச் சோதிப்பார்கள். அதற்கு ஆடிட் என்று பெயர். ஆடிட்டுக்கு முந்தின நாள் தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள். முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு வரும். நடைவழியில் ஒரு நூல்கண்டுகூடக் கிடக்கக் கூடாது. கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்.

"செல்வி அக்கா, இது அந்த ஆய்வு இல்ல" என்றேன்.

"நீ உன் கம்ப்யூட்டர பாரும்மா. இன்ஸ்பெக்சன் எங்களுக்குத் தெரியும். எத்தன பாத்திருக்கோம்."

வெகு விரைவில் ஹாலின் தரையில் மஞ்சள் டேப் ஒட்டப்பட்டது. மாடிப்படியை நோக்கிச் சிவப்பு அம்பு. மூலையில் வாளி நிறைய மணல், சுவரில் முதலுதவிப் பெட்டி. முகமூடிகள், ஜரிகைத் துணிகள், பொய்த்தாடிகள் எல்லாம் சிதறிக் கிடக்கும் பொருள் என்பதால் டிரங்குப் பெட்டிக்குள் போய், அதன்மேல் போர்வை விழுந்தது. சிவப்பு நாற்காலி நடைவழியை மறிக்கிறது என்று மொட்டை மாடிக்குப் போனது. பிள்ளைகளுக்குத் தலைவாரி, பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்தி, சுவரோரமாக வரிசையில் உட்காரவைத்து, ஆடிட் பதில்களையும் சொல்லிக்கொடுத்தார்கள். நாடகக் குழு என்பதற்கு அங்கே ஒரு அடையாளமும் மிஞ்சவில்லை.

அதிகாரி மதியம் வரவில்லை. காலையிலேயே வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய, களைத்த, இனிமையான மனிதர். அவர் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக எழுந்து, "நமஸ்தே சார்" என்று ராகம் போட்டார்கள். அத்தனை மாதப் பயிற்சியும் அந்த ராகத்தில் போயிற்று.

அவர் செல்வியின் மகளிடம் குனிந்தார். "இங்க என்னம்மா கத்துக்கறே?"

"எங்களை யாரும் கட்டாயப்படுத்தறதில்ல சார்" என்றாள் அவள். "தண்ணி குடிக்க விடறாங்க. பாத்ரூம் போக விடறாங்க. எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிடுச்சு சார்."

அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். கண்கள் கலங்கியிருந்தன என்றுதான் நினைக்கிறேன். வாளி மணலையும் முதலுதவிப் பெட்டியையும் திருப்தியாகப் பார்த்தார். இது நாடகக் குழு, இவர்கள் நடிப்பார்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். தலையசைத்தார், எழுதிக்கொள்ளவில்லை. அவர் கிளம்பும்போதுதான் அக்கா மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓசூர் ரோட்டு நெரிசலில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து, வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தார்.

"மேடம், ரொம்பப் பெரிய சேவை செய்யறீங்க" என்றார் அதிகாரி. "ஏழைப் பிள்ளைங்கள எவ்வளவு சுத்தமா, பத்திரமா வெச்சிருக்கீங்க. ஆனா இதுல கலை எதுவும் இல்லையே. நீங்க தப்பான இடத்துல போட்டிருக்கீங்க. குழந்தைகள் நலத் திட்டத்துல போடுங்க, நானே சிபாரிசு எழுதறேன். அதுல சீக்கிரம் வரும். தொகையும் ஜாஸ்தி."

செல்வியின் முகம் மலர்ந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹால் பிழைத்தது. நானும் மனதுக்குள் புது விண்ணப்பத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்கா சுற்றிலும் நாற்காலியைத் தேடினார். இல்லை. மேளத்தை இறக்கி வைத்து அதன் கட்டையோரத்தில் உட்கார்ந்தார்.

"சார், நாங்க நாடகம்னு எழுதியிருக்கோம். நாடகத்த பாருங்க. பாத்துட்டு நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு எழுதுங்க. மேளம் வந்துடுச்சு, இப்பவே ஆரம்பிக்கறோம்."

"எனக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு மேடம். எந்தத் திட்டமா இருந்தா என்ன, பணம் பணம்தானே?"

"இல்ல சார். அந்தத் திட்டத்துல வாங்கினா எங்க பிள்ளைங்க ஏழைங்கறதுக்காகப் பணம். ஏழையா இருக்கறது எங்களுக்கே நல்லா வருது, அதுக்கு ஒரு வகுப்பு வெக்க வேண்டியதில்ல. நடிக்கறதுக்குத்தான் வகுப்பு வெச்சிருக்கோம்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சார் எழுதினோம். கலைன்னு எழுதினத கலைன்னே பாருங்க."

அவர் வருத்தத்தோடு போனார். அவருக்கு எங்கள்மேல் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. நல்லது செய்ய வந்தவரைத் திருப்பி அனுப்பினால் ஏற்படும் வருத்தம் அது.

"கைக்கு வந்தத விட்டுட்டியே அக்கா" என்று செல்வி அழுதாள். இந்த முறை நடிப்பில்லை.

அக்கா அப்போதுதான் ஹாலைப் பார்த்தார். மஞ்சள் டேப்பை, அம்பை, வாளியை, சட்டையில் பெயர் குத்திய பிள்ளைகளை. என்ன நடந்தது என்று கேட்டார். செல்வியின் மகள் அவசரமாக எழுந்து நின்று, "எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிடுச்சு" என்று மறுபடியும் ஒப்பித்தாள். அக்கா சிரிக்க ஆரம்பித்தார். திட்டுவார் என்று எல்லோரும் காத்திருக்க, சிரிப்பு தாங்காமல் மேளத்திலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டி செல்வி, நம்ம வாளெல்லாம் எங்க?"

"பாத்ரூம்ல வெச்சுப் பூட்டிட்டேன் அக்கா. கூரா இருக்குதில்ல."

"அட்டைடி அது."

"ஆடிட்டுல கேட்டா?"

அதற்குமேல் யாராலும் முடியவில்லை. அழுதுகொண்டிருந்த செல்வியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "இத விடக் கூடாது. இப்படியே மேடையேத்தணும்."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: கலைச் செயல்பாடு எதுவும் காணப்படவில்லை. அடுத்த மாதம் ஹாலில் அடுக்குக் கட்டில்கள் ஏறின. டிரங்குப் பெட்டி என் அறைக்கு வந்து கட்டிலுக்குக் கீழே குடியேறியது. வகுப்பு, ஆலைப் பேருந்துகள் நிற்கும் மைதானத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பேருந்துகள் ஓடாது. ஓட்டுநர்கள் சிலர் அங்கேயே தங்கியிருந்தார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு ஒதுங்கி இடம் விட்டார்கள்.

மழைக்காலத்தில் நிறையப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒரு ஞாயிறு, நனைந்துபோன ஜரிகைத் துணிகளைப் பிழிந்துகொண்டே நான் கேட்டுவிட்டேன். "அன்னிக்கி அந்த சார் சொன்ன திட்டத்துக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா, இவங்க தலைக்கு மேல ஒரு கூரை இருந்திருக்கும் அக்கா."

அவர் துணியின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினார்.

"ஆமா. இருந்திருக்கும்" என்றார்.

அந்த ஆமாவை நான் இன்னும் எந்தப் பக்கமும் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். அந்த வாரமே அவர் ஆலை முடிந்து, நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தார். பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்லும்வரை எழவில்லை. சில வீடுகளில் சாப்பாடே போட்டுவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பவில்லை. பாதிக்கு மேல் திரும்பினார்கள்.

அடுத்த வருட விண்ணப்பத்துக்கு நான் தயாராகப் போனேன். மொழியைக் கொஞ்சம் மென்மையாக்கலாம், சமூக சேவை என்று ஒரு பத்தி சேர்க்கலாம், பிள்ளைகளின் நிலைமையைப் பற்றி நாலு வரி சேர்க்கலாம் என்று மாற்ற வேண்டியவற்றை எழுதிவைத்திருந்தேன்.

"போன வருஷத்துல ஏதாவது தப்பு இருந்துச்சா?" என்றார் அக்கா.

"தப்புன்னு இல்ல."

"பொய்?"

"இல்ல."

"உன் வேலையில, நீ சரியா ஒரு சோதனை எழுதியிருக்க. எதிர்ல இருக்கற மிஷின் தப்பா பதில் சொல்லுது. நீ சோதனைய மாத்துவியா?"

"மாத்த மாட்டேன். மிஷின சரிபண்ணச் சொல்லிட்டு, அதே சோதனைய மறுபடி ஓட்டுவேன்."

"அப்புறம் என்னா? ஓட்டு."

தேதியை மட்டும் மாற்றி, அதே விண்ணப்பத்தை ஏற்றினேன். இந்த முறை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதே அதிகாரிதான் வந்தார். ஹால் எங்கே என்று கேட்டுக்கொண்டே மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். யாரும் எதையும் ஒழுங்குபடுத்தவில்லை. செல்வி மட்டும் பழக்கதோஷத்தில் தரையில் கிடந்த ஒரு நூலைப் பொறுக்கிக்கொண்டாள். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னார்கள். அக்கா அவருக்கு ஒரு பேருந்தின் படிக்கட்டைக் காட்டினார். ஓட்டுநர்களுக்கு நடுவில் அவர் உட்கார்ந்தார்.

நாடகம் தொடங்கியது. ஒரு நாடகக் கொட்டகைக்கு ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று கேள்விப்பட்டு, தொழிலாளப் பெண்கள் ராஜாவின் கிரீடத்தை அரிசி டின்னுக்குள் ஒளிக்கிறார்கள், அட்டை வாளைப் பூட்டி வைக்கிறார்கள், ராணியைக் கழிப்பறைக்கு அனுப்புகிறார்கள். அதிகாரி வேடம் செல்வியின் மகளுக்கு. கண்ணாடி, தோள்பை, களைப்பு எல்லாம் அச்சு அசல். "என்ன சுத்தம், என்ன சுத்தம்" என்று நெகிழ்ந்து அவள் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தடவ, ராஜா வேடக்காரி முன்னால் வந்து, "எனக்குப் பதினெட்டு வயசு முடிஞ்சிடுச்சு சார்" என்றாள். ஓட்டுநர்கள் விசிலடித்தார்கள். படிக்கட்டில் இருந்தவரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மீதியைக் கடைசிவரை பார்த்தார்.

"இதுல வர்ற அதிகாரி யாரு மேடம்?" என்றார் முடிந்ததும்.

"துணி வாங்கற கம்பெனி ஆளு சார். வெளிநாட்டுக்காரரு."

"கன்னடம் நல்லா பேசறாரே."

"வந்து வந்து பழகிட்டாரு சார்."

அவர் பேருந்துப் படிக்கட்டிலேயே அறிக்கையை எழுதினார். கலைச் செயல்பாடு காணப்பட்டது என்று எழுதியதை எனக்குத் தெரியும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

மானியம் வந்தது. கேட்டதைவிடக் குறைவு. அதை வழங்க நகரத்தில் ஒரு பெரிய அரங்கில் விழா. மேடையோரம் எல்லாக் குழுக்களையும் வரிசையில் நிறுத்தி ஒருவர் விளக்கினார். இடப்பக்கம் ஏறுங்கள். குனிந்து வாங்குங்கள். படத்துக்கு நில்லுங்கள். நன்றி சொல்ல ஒரு நிமிடம். வலப்பக்கம் இறங்குங்கள். வரிசையில் அக்காவுக்குப் பின்னால், தலைப்பாகை கட்டிய மேளக்காரர் ஒருவர், துமகூருப் பக்கத்திலிருந்து தன் குழுவோடு வந்திருந்தார்.

அக்கா ஏறினார். குனியவில்லை. வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கிக்கு வந்தார். கன்னடத்தில், நிதானமாகப் பேசினார்.

"இந்த வருஷம் எங்களுக்கு வர வேண்டியது வந்துடுச்சு. சரி. போன வருஷம் எங்க நாடகத்த பாக்காமலே இல்லன்னு எழுதிட்டீங்க. அதுனால எங்க இடம் போச்சு, மழையில பிள்ளைங்க நனைஞ்சாங்க. அந்த வருஷத்துது இன்னும் பாக்கி. எப்ப தருவீங்கன்னு சொன்னா வந்து வாங்கிக்கறோம்."

சிறப்பு விருந்தினர் பக்கத்தில் இருந்தவரிடம், அந்தம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். அடுத்த பெயரை அவசரமாக அழைத்தார்கள். தலைப்பாகைக்காரர் ஏறி, வாங்கி, ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டு, "நம்மது மூணு வருஷம் பாக்கி" என்றார். அதற்குப் பிறகு ஏறியவர்களில் சிலர் நன்றி சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் பாக்கியைச் சொன்னார்கள்.

திரும்பும் பஸ்ஸில் நான் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். நிராகரித்த வருடத்துக்குப் பின்னால் பணம் தர விதி எதுவும் கிடையாது, நான் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டேன் என்று.

"விதி இல்லன்னா போடச் சொல்லு. விதி எழுதறவங்க இருக்காங்கதானே?"

"யார் சொல்றது?"

"இன்ஜினீரு, கம்ப்யூட்டர் உன்கிட்டதானே இருக்கு."

விதி போடச் சொல்லி அந்த வாரமே எழுதி அனுப்பினேன். இவ்வாறான விதி ஏதும் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டு வருடம் கழித்து அவருடைய ஆலை வேறு ஊருக்கு இடம்பெயர்ந்தது. அவரும் போனார். போன இடத்தில் ஒரு குழு தொடங்கிவிட்டதாகவும், அங்கே ஒரு அதிகாரி அவருக்கு ரொம்பப் பயப்படுவதாகவும் செல்வி சொல்கிறாள். ஊர் மாறாமல் பக்கத்து ஆலையில் சேர்ந்துகொண்ட செல்விதான் இங்கே வகுப்பை நடத்துகிறாள். ஹால் கிடைத்திருக்கிறது, இந்த முறை ஒரு மாவு மில்லுக்கு மேலே. ஒவ்வொரு வருடமும் நான் இரண்டு விண்ணப்பங்கள் ஏற்றுகிறேன். ஒன்று அந்த வருடத்துக்கு. இன்னொன்று அந்தப் பழைய வருடத்துப் பாக்கிக்கு. இரண்டாவதற்கு இணையதளத்தில் இடமே கிடையாது. மற்றவை என்ற தலைப்பில் போடுகிறேன். துமகூரு மேளக்காரரும் இப்போது போடுகிறார். அவருக்கும் நான்தான் ஏற்றித் தருகிறேன். இன்னும் சில குழுக்கள் கேட்டிருக்கின்றன.

இந்த வருடம் என்னை நேரில் அழைத்தார்கள். புதிதாக மாறுதலாகி வந்த அதிகாரி, இளைஞர், மேசைமேல் எங்கள் பழைய விண்ணப்பங்களையெல்லாம் ஒன்றாக வைத்திருந்தார். முடிந்துபோன வருடத்துக்கு எந்த விதியின்கீழ் பணம் கேட்கிறீர்கள் என்று கேட்டார்.

அப்படி விதி இல்லை, அதைப் போடச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.